இலேசான பேஸ் அம்ப்புக்கு மாறியபின் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

கொழும்பில் பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் பாரமான அம்ப்பைக் கைவிடுவதற்கு முதல் காரணம் முதுகு, இரண்டாவது காரணம் ஓட்டோ. 1969இல் வந்த அம்பெக் எஸ்விடி என்ற வால்வ் (வெற்றிடக் குழாய்) அம்ப்பின் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத அம்ப் பெட்டி, மட்டும் 35 கிலோவைத் தாண்டும். அதற்குச் சோடியாக வரும், பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு பொருத்திய பொக்ஸையும் சேர்த்தால் நிறை 100 கிலோவைத் தொடும். இன்றைய 500 வாட் ஹெட் இரண்டு, மூன்று கிலோதான். கிட்டார் பையின் முன் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு, மறு கையில் ஒரு 12 அங்குலப் பொக்ஸோடு கொட்டாஞ்சேனையில் ஓட்டோ பிடித்து பம்பலப்பிட்டியில் கல்யாண மண்டபத்தில் இறங்கலாம்.

நிறை எங்கே போனது என்று தெரிந்தால்தான் கோளாறைத் தேட முடியும். பழைய அம்ப்பின் டிரான்ஸ்போமர் செக்கனுக்கு 50 தடவை மாறும் மின்சாரத்தை நேரே வாங்குவதால் அதற்குப் பெரிய இரும்பும் செம்பும் வேண்டும். புதியதில் இருக்கும் சுவிட்சிங் பவர் சப்ளை அதே வேலையை செக்கனுக்குப் பல பத்தாயிரம் தடவை செய்வதால் உள்ளங்கை அளவு டிரான்ஸ்போமரே போதும். கிளாஸ் டி முறையில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் முழுதாக ஓன் அல்லது முழுதாக ஓஃப். சூடாக வீணாவது குறைவு, ஆகவே பாரமான அலுமினியத் தகடும் தேவையில்லை. ஸ்பீக்கரில் பெரிய பெரைட் காந்தத்துக்குப் பதிலாகச் சின்ன நியோடிமியம் காந்தம்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. பழைய அம்ப் மோசமான கரண்ட், தவறான வயர், மூடிய மூலை எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு மெல்லத் தளரும். புதியது ஓர் எல்லைவரை அசையாது நிற்கும், அந்த எல்லையைத் தாண்டினால் தன்னைத் தானே மூடிக்கொள்ளும். அதனால் "அம்ப் பழுது" என்று கடைக்குப் போகிறவற்றில் கணிசமானவை பழுதே இல்லை. சுவரிலிருந்து அம்ப்புக்கு வருவதையும் அம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவதையும் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் என்ன என்று கேட்க வேண்டும்.

ஓன் செய்தால் உயிரே இல்லை

சொக்கெட்டில் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். நமது 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அதையும் பாருங்கள். பழைய மண்டபங்களில் இன்னும் வட்டப் பின் சொக்கெட்டுகள் உண்டு. அங்கே அடப்டரில் தொங்கும் பிளக் தளர்ந்திருந்தாலே போதும், அம்ப் ஓன் ஆகாது.

அம்ப் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. ஹெட் இலேசானதிலிருந்து கனடா சித்தப்பாவின் சூட்கேஸில் வந்து இறங்குபவை கூடிவிட்டன. டொரொண்டோவில் 120 வோல்ட், இங்கே 230. பின்பலகையில் "100–240" என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, பிளக்கை மாற்றினால் போதும். "120" என்று மட்டும் இருந்தால் செருகவே வேண்டாம். சிலவற்றில் 115/230 என்று சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். வேறு சிலவற்றில் அந்த மாற்றத்தைப் பெட்டிக்குள்தான் செய்ய முடியும், அது டெக்னீசியனின் வேலை. ஒரே மொடலுக்கு இரண்டு நாட்டுப் பதிப்புகள் இருப்பதும் உண்டு. இணையத்தில் எவரோ எழுதியதை நம்பாமல், உங்கள் கையில் இருக்கும் பெட்டியின் பின்பலகையை வாசியுங்கள்.

லைட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லை

மியூட் பட்டன். சிரிக்காதீர்கள், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பிறகு ஹெட்போன் துளையில் ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சில ஹெட்களில் அதைச் செருகியதுமே ஸ்பீக்கர் அணைந்துவிடும். ஸ்பீக்கர் வயரின் ஸ்பீக்கொன் பிளக்கை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது, வலப்பக்கம் திருப்பி 'டக்' என்று பூட்ட வேண்டும். பாதி திருப்பிய ஸ்பீக்கொன் பார்வைக்குச் சரியாகவே தெரியும், சத்தம்தான் வராது. பாசிவ் பேஸிலிருந்து பற்றரி போட்ட அக்டிவ் பேஸுக்கு அண்மையில் மாறியவர் என்றால் 9 வோல்ட் பற்றரியையும் நினைவில் வையுங்கள். கேபிளைக் கழற்றாமல் வைத்தால் அது வாசிக்காதபோதும் தீர்ந்துகொண்டே இருக்கும்.

இவை எல்லாம் சரியென்றால், கொழும்புக்கே உரிய ஒரு வியாதி இருக்கிறது. கடற்காற்றில் உப்பும் ஈரமும். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் யன்னல் கம்பியே துருப்பிடிக்கும், அம்ப்பின் துளைகள் எம்மாத்திரம்? ஹெட்டின் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப்புக்கு (வெளியே பெடல்களை இணைப்பதற்கு) 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள் இருக்கும். ரிட்டர்ன் துளையில் ஒன்றும் செருகாதபோது, உள்ளே இருக்கும் சிறு உலோகத் தகடு ஒன்று மற்றொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிரீஅம்ப்பின் (தொனியைச் சரிசெய்யும் முன்பகுதியின்) சிக்னல், சத்தத்தைப் பெருக்கும் பவர் பகுதிக்குப் போவது அந்தத் தொடுகை வழியாகத்தான். அதில் படலம் பிடித்தால் சத்தம் குறையும், விட்டு விட்டு வரும், அல்லது முற்றாக நிற்கும். ஓங்கி ஒரு நோட் வாசித்தால் திடீரென்று திரும்பி வரும்.

சோதனை சுலபம். ஒரு சின்னப் பெச் கேபிளை எடுத்து செண்டையும் ரிட்டர்னையும் இணையுங்கள். சத்தம் முழுதாக வந்தால் குற்றவாளி அந்தத் தகடுதான். அன்றைய இரவை அந்தக் கேபிளோடே ஓட்டலாம். மறுநாள் கொண்டக்ட் கிளீனர் தெளித்த பிளக்கை ரிட்டர்னில் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்காக மட்டும் அம்ப்பைத் திறந்து பார்த்துப் பணம் வாங்கும் கடைகள் இருக்கின்றன. கிட்டார் பையில் ஒரு பெச் கேபிள் எப்போதும் கிடக்கட்டும்.

மண்டபத்தின் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

எது விழுந்தது என்று முதலில் பாருங்கள். தனிச் சுற்றுக்கான சின்ன பிரேக்கரா, அல்லது எல்லாவற்றையும் ஒன்றாக அணைக்கும் ட்ரிப் சுவிட்சா? சின்னது என்றால் அந்த வரிசையில் சுமை அதிகம், பெரும்பாலும் கேட்டரிங்காரரின் சூடாக்கும் அடுப்பும் உங்கள் மேடையும் ஒரே லைனில் இருக்கும்.

ட்ரிப் சுவிட்ச் என்றால் கதை வேறு. சுவிட்சிங் பவர் சப்ளை உள்ள ஒவ்வொரு பொருளும் இரைச்சலை வடிகட்டுவதற்காக எர்த்துக்குச் சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிடும். ஒன்றில் அது ஒரு மில்லிஅம்பியர் அளவிலோ அதற்குக் குறைவாகவோ இருக்கலாம், அது பழுதல்ல. ஆனால் உங்கள் ஹெட், இரண்டு கீபோர்ட், டிஜிட்டல் மிக்சர், பவர்ட் ஸ்பீக்கர்கள், டீஜேயின் லப்டொப், வரிசையாக எல்ஈடி லைட்டுகள் எல்லாம் ஒரே ட்ரிப் சுவிட்சின் கீழ் சேர்ந்தால் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போகும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் 15க்கும் 30க்கும் இடையில் எங்கும் விழலாம். கடைசியாக ஓன் செய்தவர் நீங்கள் என்பதால் பழி உங்கள் தலையில் விழும். லைட்டுகளை வேறு ட்ரிப் சுவிட்சின் கீழ் வரும் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரடியாகக் கரண்ட் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது முன்வந்தால் பேஸைப் பைக்குள் வையுங்கள்.

தந்தியைத் தொட்டாலோ மைக்கில் உதடு பட்டாலோ சுள்ளென்கிறது

இங்கே வாசிப்பதை நிறுத்துங்கள். மற்ற அறிகுறிகளைப் பாட்டு முடியும்வரை பொறுக்கலாம், இதைப் பொறுக்கக் கூடாது.

சொக்கெட்டில் எர்த் இல்லாவிட்டால், மேலே சொன்ன அதே கசிவுக்குப் போக வழியில்லாமல் அம்ப்பின் உடல் முழுவதும் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால் கூச்சம் மட்டும் தெரியும். ஆனால் அந்தக் கூச்சம் சொல்லும் செய்தி, மேடையில் எர்த் இல்லை என்பது. நாளை ஏதாவது ஒன்றில் உண்மையான பழுது வந்தால் உங்களைக் காக்க அங்கே எதுவும் இருக்காது. இரண்டு பின் பிளக்கைச் சதுரச் சொக்கெட்டில் செருக, மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறக்கும் நம் ஊர்ப் பழக்கம் எர்த்தையே மறக்கடித்துவிட்டது. ஹோட்டல் புல்வெளிகளில் ஜெனரேட்டரிலிருந்து வரும் லைன் இன்னும் மோசம், எர்த் கம்பி நிலத்தில் அடிக்கப்படாமலே சுருண்டு கிடக்கும். மூன்று லைட்டுள்ள சொக்கெட் டெஸ்டர் ஒன்றைப் புறக்கோட்டையில் மலிவாக வாங்கலாம். அம்ப்பை இறக்குவதற்கு முன் அதைச் செருகிப் பாருங்கள். இரைச்சலைக் குறைப்பதற்காக எர்த் பின்னைக் கழற்றுவது எந்தக் காலத்திலும் தீர்வு அல்ல.

சத்தம் இருக்கிறது, கனம் இல்லை

இலேசான அம்ப்புக்கு மாறியவர்களின் முக்கால்வாசி முறைப்பாடு இதுதான். பழையது நெஞ்சில் இடித்தது, இது காதில் மட்டும் கேட்கிறது என்பார்கள். கிளாஸ் டியில் உயிரில்லை என்று ஒரே வரியில் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது ஓம் கணக்கு. ஹெட்டின் மேல் எழுதியிருக்கும் 500 வாட் பெரும்பாலும் 4 ஓமில் கிடைப்பது. நீங்கள் வாங்கிய ஒற்றை 12 அங்குலப் பொக்ஸ் 8 ஓம் என்றால் அதற்குப் போவது 250, 300 வாட்தான். அதற்காக ஆயிரம் வாட் ஹெட்டுக்கு ஓடாதீர்கள். வாட் இரட்டித்தால் 3 டெசிபெல் மட்டுமே கூடும், காதுக்கு அது ஒரு சிறிய படி. அதே பொக்ஸில் இன்னொன்றை மேலே அடுக்கினால் வாட்டும் கூடும், காற்றைத் தள்ளும் பரப்பும் கூடும், அடிச்சத்தத்தில் 6 டெசிபெல் வரை கிடைக்கும். காசு இருந்தால் இரண்டாவது பொக்ஸ். பெரிய ஹெட் அதற்குப் பிறகு.

அடுத்தது வால்வ் அம்ப்பின் பழக்கம். அது எல்லையைத் தொடும்போது சத்தத்தை மெதுவாக நசுக்கி மேல்சுரங்களைச் சேர்க்கும். அந்த நசுக்கலைத்தான் நாம் கனம் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். கிளாஸ் டி ஹெட் எல்லைவரை சுத்தமாக வந்து, அங்கே சத்தம் மேலே போகாமல் தடுக்கும் லிமிட்டர் பிடித்துக்கொள்ளும். ஹெட்டில் டிரைவ் நொப் இருந்தால் கொஞ்சம் திறந்து வையுங்கள், தனியே கேட்கும்போது கரகரப்பாகத் தெரியுமளவுக்கு. டிரம்ஸ் சேர்ந்ததும் அந்தக் கரகரப்பு மறைந்து கனம் மட்டும் மிஞ்சும்.

பிறகு ஈகியூ, அதாவது அடி, நடு, மேல் சத்தங்களைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் நொப்புகள். வீட்டில் தனியே வாசிக்கும்போது அடிச்சத்தத்தையும் மேல்சத்தத்தையும் ஏற்றி நடுவை இறக்கினால் இனிமையாக இருக்கும். மேடையில் கீபோர்டும் கிக் டிரம்மும் வந்ததும் அந்த பேஸ் காணாமல் போகும். நான்கு தந்தி பேஸின் கீழ் ஈ 41 ஹேர்ட்ஸ். சின்னப் பொக்ஸ் அதைப் பெரிதாகக் கொடுப்பதில்லை, நாம் உண்மையில் கேட்பது அதன் இரட்டிப்பான 82ஐயும் அதற்கு மேல் உள்ளவற்றையும்தான். ஆகவே 'பேஸ்' நொப்பைத் தொடாமல், 200 முதல் 500 ஹேர்ட்ஸ் வரையான நடுப்பகுதியை ஏற்றிப் பாருங்கள். மேல்சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைக் குறையுங்கள், அல்லது அணைத்தே விடுங்கள். பைலா அடிக்கிற இரவில் ஒவ்வொரு நோட்டும் பிரிந்து கேட்க வேண்டும், அதைத் தருவது நடுப்பகுதிதான்.

கடைசியாக, வைக்கும் இடம். இதை எவரும் பார்ப்பதில்லை. அடிச்சத்தம் பொக்ஸின் முன்னால் மட்டுமல்ல, எல்லாப் பக்கமும் பரவும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதி சில சுரங்களைத் தின்றுவிடும். ஸ்பீக்கர் சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளியிருந்தால் தின்னப்படுவது 86 ஹேர்ட்ஸ் அளவில். கீழ் ஈயின் 82ம் எஃப்பின் 87ம் அங்கேதான் இருக்கின்றன! பொக்ஸைச் சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள், பள்ளம் மேலே ஏறி உங்களைத் தொந்தரவு செய்யாத இடத்துக்குப் போய்விடும். முழங்கால் உயரத்தில் ஒற்றைப் பொக்ஸை வைத்து அதன் பக்கத்திலேயே நின்றால் நீங்கள் கேட்பது உங்கள் கால்சட்டை கேட்பதில் பாதிகூட இல்லை. ஒரு நாற்காலி மேலாவது ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள்.

திறந்த வெளியில், சுவரே இல்லாத புல்வெளியில், சின்னப் பொக்ஸால் கூட்டத்தை நிரப்ப முடியாது. முயற்சியே வேண்டாம். ஹெட்டின் டிஐ வெளியீட்டை (சிக்னலை நேரே அனுப்பும் துளையை) மிக்சருக்குக் கொடுத்து, பொக்ஸை உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்குமான மொனிட்டராக மட்டும் வையுங்கள். டிஐ சுவிட்ச் 'பிரீ' பக்கம், அதாவது நொப்புகளுக்கு முந்திய சிக்னலில், இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் மேடைக்காகத் திருப்பும் ஒவ்வொரு நொப்புக்கும் சவுண்ட்காரர் அங்கிருந்து முறைப்பார். டிஐயில் திடீரென்று பொரிச்சத்தம் வந்தால், அந்தச் சனலில் மைக்குகளுக்கு மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவரைப் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்.

பாட்டின் நடுவில் நின்று, கொஞ்ச நேரத்தில் தானே வருகிறது

இது அம்ப் தன்னைக் காத்துக்கொள்வது. எதிலிருந்து என்பதுதான் கேள்வி.

சத்தம் ஏறும்போதெல்லாம் நிற்கிறதென்றால் ஓமைப் பாருங்கள். 8 ஓம் பொக்ஸ் இரண்டு சேர்ந்தால் 4, பெரும்பாலான ஹெட்களுக்கு அது சரி. 4 ஓம் பொக்ஸ் இரண்டு சேர்ந்தால் 2, பல ஹெட்கள் அதை ஏற்காது. நண்பரின் பொக்ஸை இரவல் வாங்கி அடுக்கும்போதுதான் இது நடக்கும், பின்னால் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருகாதீர்கள். கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் வயராகப் பாவிப்பதும் இதே விளைவைத் தரலாம். வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் வயர் மயிரிழை போன்றது.

முதல் செட் முழுவதும் நன்றாக ஓடி இரண்டாவதில் நிற்கிறதென்றால் வெப்பம். ஹெட்டின் மேல் செட்லிஸ்ட் கடதாசியோ துவாயோ கிடக்கிறதா? காற்றுத் துளைகள் திரைச்சீலையை ஒட்டியிருக்கின்றனவா? கொழும்பில் இரவு 9 மணிக்கும் மேடை வியர்க்கும், சின்ன விசிறிக்கு வழிவிடுங்கள். விசிறி உறிஞ்சும் தூசியை மாதத்துக்கு ஒரு தடவை தூரிகையால் தட்டிவிடுவதும் நல்லது.

ஜெனரேட்டரில் மட்டும் நிற்கிறதென்றால், அல்லது கிக் டிரம் இடிக்கும் தருணத்தில் லைட்டும் மங்குகிறதென்றால், வோல்ட் இறங்குகிறது. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன்தான் வழக்கமான காரணம். சுருளில் சுற்றியபடியே பாவித்தால் அது சூடாகவும் செய்யும், முழுதாக அவிழ்த்துப் போடுங்கள். அம்ப்புக்கு வேறு சொக்கெட்டிலிருந்து தனி லைன் கேளுங்கள்.

ஏசி வேனிலிருந்து இறக்கியதும் வெளியில் ஓன் செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. குளிர்ந்த உலோகத்தில் ஈரக்காற்று பட்டு உள்ளே நீர் படியும். அரை மணித்தியாலம் காயவிடுங்கள், அதற்குள் டிரம்ஸ் பூட்டி முடியாது.

கீழ்த் தந்தியில் ஸ்பீக்கர் 'பர்ர்' என்கிறது

ஸ்பீக்கரின் கூம்பு தன் எல்லையைத் தாண்டி ஆடுகிறது. ஐந்து தந்தி பேஸின் கீழ் பி 31 ஹேர்ட்ஸ். பொக்ஸின் துளை ஒத்திசையும் சுரத்துக்குக் கீழே போனால் கூம்பைப் பிடித்துவைக்க உள்ளே காற்றில்லை. 'பேஸ்' நொப்பை 10 டெசிபெல் ஏற்றினீர்கள் என்றால் அந்த இடத்தில் பத்து மடங்கு வாட் கேட்கிறீர்கள். நொப்பை நடுவுக்கு இறக்குங்கள். ஹெட்டில் மிகக் கீழான சுரங்களை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 35, 40 ஹேர்ட்ஸுக்கு வையுங்கள். சத்தம் மெலியும் என்று பயப்படுகிறார்கள், நடப்பது எதிர்மாறு, பொக்ஸ் மூச்சு விட்டு இன்னும் உரக்கப் பேசும்.

இறக்கிய பிறகும் ஒரே ஒரு சுரத்தில் மட்டும் அதிர்வு கேட்டால், அது பொக்ஸின் கிரில்லோ கைப்பிடித் திருகாணியோ. இலேசான பலகையில் திருகு தளர்வது சீக்கிரம் நடக்கும்.

'ஊம்ம்' நிற்கவில்லை

பேஸின் வொலியூமைப் பூச்சியமாக்குங்கள். இரைச்சல் நின்றால் அது தந்தியின் அசைவைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வருகிறது. எல்ஈடி திரையிலிருந்து விலகி, நிற்கும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். ஜாஸ் பேஸ் என்றால் இரண்டு பிக்கப்பையும் சம அளவில் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழிக்கும். நிற்காவிட்டால் மிக்சர் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் எர்த் லூப் (இரண்டு வழியாக எர்த் இணைந்து ஒரு சுற்றாவது), ஹெட்டின் பின்னால் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' பட்டன் அதற்காகத்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. பழைய டிஐ பொக்ஸ்களை ஸ்பீக்கர் வெளியீட்டோடு இணைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கிளாஸ் டி ஹெட்கள் பலவற்றில் ஸ்பீக்கர் வெளியீட்டின் இரண்டு முனைகளிலும் சிக்னல் ஓடும், எதுவும் எர்த் இல்லை. ஒன்றை எர்த்தோடு தொடுத்தால் வெளியீட்டுப் பகுதி எரியலாம். ஹெட்டிலேயே டிஐ இருக்கும்போது இந்த விளையாட்டுக்கே தேவையில்லை.

ஹெட் நகர்ந்து விழுகிறது

ரப்பர் வலைப்பாய். சமையலறை அலமாரிக்கு விற்பது போதும்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் வேலை செய்யவில்லை

இனி டெக்னீசியன். நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம். சுவிட்சிங் சப்ளையில் 230 வோல்ட் நேரே திருத்தப்பட்டு 325 வோல்ட் டிசியாகக் கண்டென்சரில் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பழைய அம்ப்பை ஒரு டிரான்சிஸ்டர் மாற்றி உயிர்ப்பித்த நல்ல கைகளும் இங்கே சங்கடப்படும். மிகச் சிறிய பாகங்கள், பல தயாரிப்புகளில் பவர் பகுதி முழுவதும் ஒரே பலகை, அதை மொத்தமாக மாற்றுவதே வழி. கொடுப்பதற்கு முன் அந்தப் பலகை கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். சில வேளை புதிய ஹெட்டின் பாதி விலை சொல்வார்கள். அம்ப்போடு ஒரு தாளும் கொடுங்கள்: எந்த மண்டபம், மெயின்ஸா ஜெனரேட்டரா, எத்தனை ஓம் பொக்ஸ், எந்த வயர், நின்றபோது லைட் எந்த நிறம், தொட்டால் சூடாக இருந்ததா, பெச் கேபிள் சோதனையில் என்ன நடந்தது.